படத்தின் ஓரத்தைப் பார்த்த கம்பவுண்டர்

போடியில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, படம் எப்படி என்று கம்பவுண்டரிடம் கேட்கக் கூடாது. சொல்லமாட்டார் என்பதால் அல்ல, சொல்லுவார். ஆனால் அது நாம் பார்த்த படமாக இருக்காது.

“ராசா நல்லவந்தான் தம்பி,” என்பார், மருந்து மிக்சர் குப்பியில் அளவுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டே. “ராசாவுக்குப் பின்னால ரெண்டு பிள்ளைக விசிறிக்கிட்டு நிக்குதே, அதுல குட்டையா இருந்த பிள்ளைக்குக் கை கடுத்துப்போச்சு. பாட்டு முடியிறதுக்குள்ள தோளத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. பாத்தீகளா?”

நான் பார்த்திருக்க மாட்டேன். ராஜாவையும் ராணியையும் பார்க்கத்தான் நான் டிக்கெட் வாங்கியிருந்தேன்.

“அதுக்குத்தான் நீங்க எல்லாரும் இருக்கீகல்ல. நடுவுல நிக்கிறவகள நீங்க பாருங்க. ஓரத்துல நிக்கிறவகள நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த குப்பியை எடுப்பார்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நான் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த ஐம்பதுகளில் அவர் அங்கே டிஸ்பென்சரி கம்பவுண்டர். ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேல் ஒரு காக்கிக் கோட்டு. அதன் ஒரு பையில் எப்போதும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு இருக்கும். கொட்டகையில் விளக்கு அணைந்ததும் அந்தப் பஞ்சால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். படம் முடிகிறவரை அந்த வாடையோடுதான் அவரோடு படம் பார்க்க வேண்டும்.

மருந்துப் பெட்டி வாங்க அவர் மாதத்தில் ஒன்றிரண்டு முறை போடிக்கு இறங்குவார். அன்று டூரிங் கொட்டகையில் என்ன படம் ஓடினாலும் பார்ப்பார். பாட்டு, சண்டை, சிரிப்பு எதுவும் அவருக்கு வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் ரசிப்பார். ஆனால் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் படத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

ஒரு குடும்பப் படத்தில் தாய் இறந்து கொட்டகையே அழுதது. வெளியே வந்ததும் அவர் கேட்டார், “அந்த வீட்டுல சமையக்காரன் ஒருத்தன் வந்தானே, அவம் பேரு என்ன?” யாருக்கும் தெரியவில்லை. “தெரியாது. ஏன்னா படத்துலயே பேரு கெடையாது. ‘ஏய்’ தான். கதாநாயகன் பொறந்ததுலருந்து அவந்தான் ஊட்டி வளத்திருக்கான். பேரு வைக்க மறந்துட்டான் பாருங்க, கத எழுதினவன்.”

இன்னொரு படத்தில் மலைவாசிகளைக் காட்டினார்கள். தலையில் இறகு, இடுப்பில் இலை, கையில் ஈட்டி, நெருப்பைச் சுற்றி ஆட்டம். அவர் மேலே வந்த மறுநாள், தேன் கொண்டுவரும் முதுவாக்குடி மலைவாசிப் பெரியவர் டிஸ்பென்சரிக்கு வந்திருந்தார். கணுக்காலில் அட்டைக் கடி. அதைக் கழுவிக்கொண்டே கம்பவுண்டர் அந்த ஆட்டத்தைப் பூராவும் அவரிடம் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்க எந்தக் குடி?” என்றார்.

“மெட்ராஸ் குடி” என்றார் கம்பவுண்டர்.

இந்தக் குணம் அவருக்குப் படத்தோடு நிற்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கங்காணி மகள் கல்யாணப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தபோது இவர் மட்டும் இலையை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்விட்டார். மேளக்காரர்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். அவர்களுக்கு இலை போட்ட பிறகுதான் உட்காருவேன் என்று நின்றுகொண்டார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். கங்காணி என்னிடம் வந்து, “இவர யாருங்க கூப்பிட்டது?” என்றார். கங்காணியேதான் கூப்பிட்டிருந்தார்.

அவருடைய மனைவி அவரோடு படத்துக்குப் போகமாட்டார். “இவுகளோட போனா நம்ம படத்தப் பாக்க முடியாது. இவுக பாக்குறதத்தான் பாக்கணும்” என்று என் மனைவியோடு தனியாகப் போய், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நிம்மதியாக அழுதுவிட்டு வருவார். எனக்கும் சில நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது. பிடித்த படம் ஒன்றை அவரிடம் கொடுத்தால், தையல் பிரித்த சட்டையாகத்தான் திரும்பி வரும்.

லயத்து ஆட்களுக்கு அப்படி இல்லை. வரிசை வீடுகளில் குடியிருந்து காய் எடுக்கிற அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குப் போடிக்கு இறங்கினால் உண்டு. மற்றபடி அவர்களுக்குப் படம் என்பது கம்பவுண்டர் சொல்லுகிற படம்தான். அவர் மருந்துப் பெட்டியோடு வந்த மறுநாள், இருமல் இல்லாதவர்களும் டிஸ்பென்சரிக்கு வருவார்கள். அதில் முதல் ஆள் பேச்சியம்மா. காய் எடுக்கும் பெண்களில் மூத்தவள், சிலமலைக்காரி. கங்காணியே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

“என்னங்கய்யா, இந்தப் படத்துல எங்களுக்கு என்ன சோலி குடுத்திருக்கான்?”

“தண்ணி எடுக்குற சோலி ஆத்தா.”

“போன படத்துலயும் அதானே. கூலி?”

“அதக் காட்டல.”

“காட்டுவானா. காட்டினா நாம கேப்போம்ல.”

சிரிப்பு அடங்கும். பிறகு அவர் தீர்ப்புச் சொல்லுவார். பார்க்கலாம், பார்க்க வேண்டாம், பாட்டுக்காகப் பார்க்கலாம். அவர் பார்க்கலாம் என்ற படத்தைத்தான் திருவிழா சமயத்தில் லயம் முழுக்கப் போய்ப் பார்க்கும்.

ஒரு வருஷம் கார்த்திகையில் பக்கத்து எஸ்டேட்டில் பெரியம்மை கண்டது. லயத்தில் அம்மை என்றால் நோய் இல்லை, ஆத்தா வந்திருக்கிறாள். வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் வைத்து, அவள் மனம் குளிர்ந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். கையில் கீறி மருந்து வைப்பது அவளைக் கோபப்படுத்தும் காரியம். போடியிலிருந்து அம்மை குத்துகிறவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒளித்துவைக்கப் பேச்சு நடந்தது. கம்பவுண்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தன் கையில் இருந்த பழைய அம்மைக் குத்துத் தழும்பைக் காட்டினார். கடைசியில் பேச்சியம்மாதான், “எனக்குக் குத்தப் பத்தித் தெரியாது. உங்களத் தெரியும். நீங்க சொன்னா சரி” என்றாள். அவள் சரி என்றதும் லயமும் சரி என்றது. கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த வாரம் குத்துவதாக ஏற்பாடு.

எங்கள் மேனேஜர் கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர். அந்த வருஷம் அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள் என்று மதுரையிலிருந்து படம் காட்டும் மெஷினையும், அதை ஓட்ட ஓர் ஆபரேட்டரையும், ஒரு கிறிஸ்துமஸ் பொம்மைப் படத்தையும் வரவழைத்தார். குரங்கணி வரை ஜீப். அங்கிருந்து மெஷினும் ஜெனரேட்டரும் ரீல் பெட்டியும் தலைச்சுமையாக மேலே வந்தன. எஸ்டேட்டில் அதற்கு முன் யாரும் படம் காட்டியதில்லை. படம் இங்கிலீஷில் இருந்ததால் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். முதல் நாள் மேனேஜர் பங்களாச் சுவரில் ஓட்டிப் பார்த்தபோது கம்பவுண்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்கு வந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. நாற்காலியில் உட்காரவே இல்லை.

“தம்பி, குத்தம் சொல்ல எடமில்லாத படம் ஒண்ணு வந்திருக்கு.”

கதையைச் சொன்னார். பனிமலையில் ஒரு பட்டறை. அங்கே குள்ளர்கள் பண்டிகைக்குப் பொம்மை செய்கிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல நிறத்துக் குள்ளர்கள். அடுத்த மலையிலிருந்து பிழைக்க வந்த கரிய நிறத்துக் குள்ளன் ஒருவன் மட்டும் துருத்தி ஊதுகிறான். அவனுக்குப் பந்தியில் இடமில்லை. வாசலில் நின்று சாப்பிடுகிறான். பண்டிகைக்கு முதல் நாள் பனிப்புயலில் நெருப்பு அணைந்துவிட, அவன் ஒருவன்தான் துருத்தியை விடாமல் ஊதிப் பட்டறையைக் காப்பாற்றுகிறான். கடைசியில் வெள்ளைத் தாடிப் பெரியவர் அவனை வாசலிலிருந்து கூட்டிவந்து, தன் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பலகாரத்தைத் தன் கையால் கொடுக்கிறார்.

“ஓரத்துல நிக்கிறவன நான் தேட வேண்டிய அவசியமே இல்ல. படமே தேடிப்போயிருச்சு” என்றார்.

நான் அவரைச் சீண்டிப் பார்த்தேன். “அந்தப் பெரியவரு மொதலாளிதான? கொடுக்கிற எடத்துலதான இருக்காரு?”

“நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவரும் சுத்தியல் பிடிக்கிறாரு. சும்மா உக்காந்திருக்கல.”

“பொம்பளைங்க?”

கொஞ்சம் யோசித்தார். “அது ஒரு கொறதான். ஒரே ஒரு அம்மா. அவளும் அடுப்படில நிக்கிறா. பேச்சி கேப்பா. கேட்டா ஒத்துக்கிறேன்.” பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். “ஆனாலும் லயத்துல எல்லாரும் பாக்கணும் தம்பி, இத.”

லயத்து ஆட்கள் எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கல் வந்தது. படம் காட்ட இருந்த இடம் ஸ்டோருக்கு முன்னால் இருந்த களம். ஸ்டோரில் உலர்ந்த ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. களத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே கேட். வேலைக்கு உள்ளே வரும் ஆட்கள் வெளியே போகும்போது வாட்ச்சர் முன்னால் நின்று மடியைப் பிரித்துக் காட்ட வேண்டும். பெண்களை வாட்ச்சர் மனைவி பார்ப்பாள். ஆபீஸ்காரர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது.

“இருட்டு நேரத்துல லயத்தையே களத்துக்குள்ள விட முடியாது” என்றார் மேனேஜர். “காய் கெடக்குது. வேலி ஓரமா துணியக் கட்டுவோம். ஸ்டாஃப் உள்ள உக்காரட்டும். அவங்க வேலிக்கு வெளிய மேட்டுல உக்காரட்டும். துணியில ரெண்டு பக்கமும் தெரியும்.”

கம்பவுண்டர் வாதாடினார். மேனேஜர் அசையவில்லை. அவர் திரும்பி வந்தார். பிறகு, “படம் நல்ல படம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு லயத்துக்கு ஏறினார். நானும் கூடப் போனேன்.

பேச்சியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். “களவாணின்னு வெளிய உக்கார வச்சிட்டுப் படம் காட்டுவாகளாக்கும். எங்களுக்குத் தூக்கம் இருக்கு.”

“கேட்டுப் பாத்தேன் ஆத்தா. விடமாட்டேன்னுட்டாக. ஆனா இந்தப் படத்த நீங்க பாக்கலன்னா வேற எவரு பாக்குறது? நான் சொல்றேன், வாங்க. அங்கிட்டு உக்காந்தாலும் அதே படம், இங்கிட்டு உக்காந்தாலும் அதே படம்.”

அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். “நீங்க சொல்றீக” என்றாள். அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று இருட்டியதும் லயம் முழுக்க, கைக்குழந்தைகள் உட்பட, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்தது.

நாங்கள் உள்ளே, மெஷின் இருந்த பக்கம், நாற்காலிகளில் இருந்தோம். முன் வரிசையில் மேனேஜர் குடும்பம், அடுத்து ரைட்டர். கணக்கு எழுதுகிற எங்கள் தலைமைக் குமாஸ்தாவை எல்லாரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவோம். கம்பவுண்டர் துணியின் பக்கத்தில் தகரக் குழலோடு நின்றார். அவர் குரல் இரண்டு பக்கமும் கேட்டது. அன்றைக்கு அவர் கதை சொன்னதுபோல் நான் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. துருத்தி ஊதும் கரிய குள்ளனுக்கு அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். கருப்பசாமி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. கருப்பசாமி வாசலில் நின்று சாப்பிட்டபோது அந்தச் சிரிப்பு நின்றது. புயலில் அவன் துருத்தியை விடாதபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. “பாருங்க, பெரியவரு எந்திரிக்கிறாரு. வாசலுக்கு வர்றாரு. கருப்பசாமி தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போறாரு. மொதப் பலகாரம் யாருக்கு? நம்ம கருப்பசாமிக்கு. தன் கையாலயே எடுத்துக் குடுக்குறாரு, பாருங்க.”

எங்கள் பக்கம் கைதட்டினோம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு முணுமுணுப்பு. யாரோ காறித் துப்பும் சத்தம். விளக்குப் போட்டபோது மேட்டில் கங்காணியும் சில பையன்களும்தான் இருந்தார்கள். லயத்துக்குப் போகும் பாதையில் அரிக்கேன் விளக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கம்பவுண்டர் தகரக் குழலைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்கு ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு பேச்சியம்மா மட்டும் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நான் அப்போது அங்கே இருந்தேன்.

“ஏய்யா, அந்தக் கெழவன் பலகாரத்த எந்தக் கையால குடுத்தான்?”

“எந்தக் கையாலன்னா? சோத்தாங்கையாலதான் ஆத்தா.”

“பீச்சாங்கையால குடுத்தான். லயமே பாத்துச்சு. அவன் உசுரக் குடுத்து நெருப்பக் காப்பாத்துவானாம். இவன் பீச்சாங்கையால தூக்கிக் குடுப்பானாம். அதையும் வாங்கிக்கிட்டு அவன் கண்ணீர் விடுவானாம். நீங்க கொழல வச்சிக்கிட்டு ‘பாருங்க பாருங்க’ன்னு கத்துறீக. எங்களக் கேவலப்படுத்துறதப் பாக்கவா பனியில கூப்பிட்டு உக்கார வச்சீக?”

“இல்ல ஆத்தா, நான் ரெண்டு தடவ பாத்தேன்...”

“அந்த ஊருல எல்லாரும் எடங்கையா இருப்பாகன்னு எங்க பக்கத்து வீட்டு மலையாளத்து மரியச் சேச்சி சொல்லுது. ஊரு முழுக்க எப்படிய்யா எடங்கையா இருப்பான்?” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஓரத்தப் பாத்துச் சொல்றவருன்னு உங்கள நம்புனோம். நட்ட நடுவுல நடந்ததே உங்களுக்குத் தெரியல. அப்ப குத்தப் பத்தி நீங்க சொன்னது மட்டும் சரியா இருக்கும்னு எப்படி நம்புறது? பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னா ஆத்தாகிட்ட நீங்களா போயி நிப்பீக? குத்து வேணாம். லயத்துல எல்லாரும் சொல்லிட்டாக.”

அவள் போன பிறகு அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்து எஸ்டேட்டில் அந்த வாரம் ஒரு குழந்தை இறந்திருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆபரேட்டர், பங்களா அவுட்ஹவுசில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போய், எந்தக் கை என்று கம்பவுண்டர் கேட்டதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. ரீலிலிருந்து ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தாடிக்காரர் வலது கையை நீட்டியிருந்தார். ஃபிலிமை அப்படியே மறுபக்கம் திருப்பினார். இடது கை.

“முன்னால பாக்குறவங்களுக்கு அது. பின்னால பாக்குறவங்களுக்கு இது. எல்லா ஊர்லயும் இப்படித்தான் சார்.”

“யாரும் கேட்டதில்லையா?”

“பின்னால உக்கார்றவன் காசு குடுக்காம சும்மா பாக்குறவன். சும்மா பாக்குறவன் எந்தக் கைன்னு கேக்க மாட்டான்.”

கம்பவுண்டர் அந்த முழத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடைசி வரைக்கும் ஓரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி,” என்றார் என்னிடம். “பின்னால ஒரு பக்கம் இருக்குன்னு தோணல.”

மேனேஜரிடம் அவர் கேட்டது சிறிய விஷயம்தான். இன்றைக்கு இன்னொரு ஆட்டம் காட்ட வேண்டும்; மெஷினை வேலிக்கு வெளியே மேட்டில் வைக்க வேண்டும். ஆட்கள் யாரும் களத்துக்குள் வரப்போவதில்லை, மெஷின்தான் வெளியே போகப்போகிறது. மேனேஜர் ஏன் என்றார். “குத்து நடக்கணும் சார். அம்மை உள்ள வந்துருச்சுன்னா காய் எடுக்க ஆள் இருக்காது” என்றார் கம்பவுண்டர். மேனேஜருக்கு அது புரிந்தது. ஆபரேட்டர் கட்டிய சாமானை அவிழ்த்தார்.

லயத்தை இரண்டாம் முறை கூப்பிடுவது எளிதாக இருக்கவில்லை. “கொழல் ஊத மாட்டேன். உங்களோட உக்காந்து பாக்குறேன். மறுபடியும் பீச்சாங்கையா இருந்தா நானே துணியக் கிழிக்கிறேன்” என்று அவர் சொன்னதாக மரியச் சேச்சி பிறகு என் மனைவியிடம் சொன்னாள். துணி கிழிவதைப் பார்க்கலாம் என்றே பாதிப் பேர் வந்தார்கள்.

நாங்கள் களத்தில் எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மெஷின் சத்தம் துணிக்கு அப்பாலிருந்து வந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, கடைசிக் காட்சி வரும்வரை. தாடிக்காரர் பலகாரத்தை எடுத்தார். ரைட்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“என்னய்யா இது, நேத்து ஒழுங்காக் குடுத்தான். இன்னைக்குப் பீச்சாங்கையால குடுக்குறான்?”

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்பவுண்டரின் குரல் வந்தது. “இங்கிட்டு சோத்தாங்கைதான் ரைட்டரய்யா. வேணும்னா வெளிய வந்து பாருங்க.”

மேடு முழுக்கச் சிரித்தது. முந்தின நாள் சிரிக்காத சிரிப்பும் சேர்ந்து வந்ததுபோல் இருந்தது. மேனேஜரின் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி ஓடினார்கள். கம்பவுண்டரின் மனைவியும் என் மனைவியும் போனார்கள். ரைட்டரின் மனைவி கணவரைப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து போனாள். ரைட்டர் துணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நான் மேட்டுக்குப் போனபோது படம் முடிந்திருந்தது. பேச்சியம்மா எழுந்து கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அவள் அதோடு விடுகிற ஆள் இல்லை.

“சரிய்யா. இன்னைக்குச் சோத்தாங்கை. கண்ணால பாத்தாச்சு. நேத்து எங்கள ஏன் துணிக்குப் பின்னால உக்கார வச்சீக?”

“உள்ள விடச் சொல்லிக் கேட்டேன் ஆத்தா. விடல. படம் நல்லாருக்கேன்னு நானும் அதோட விட்டுட்டேன்.”

“படம் நல்லாருந்தா வேலி இல்லாமப் போயிருமா?”

அவர் திரும்பி வேலியைப் பார்த்தார்.

“குத்து எங்க வச்சிருக்கு?” என்றாள் அவள்.

“ஸ்டாஃபுக்கு ஆபீசுல. உங்களுக்கு லயத்துல.”

“லயத்துல வேணாம். களத்துல வைக்கச் சொல்லுங்க. நாங்க உள்ள வந்து குத்திக்கிறோம். எல்லாருக்கும் அங்கனயே. அப்படின்னா எம் பேரனத்தான் மொதல்ல நீட்டுவேன்.”

மேனேஜர் மறுநாள் நெடுநேரம் யோசித்தார். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இன்னொரு சாவுச் செய்தி வந்த பிறகு சரி என்றார்.

குத்து நடந்த அன்று கேட் விரியத் திறந்திருந்தது. களத்தின் நடுவில் மேஜை போட்டு அம்மை குத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பவுண்டர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொடுத்தார். ஒரே வரிசை. மேனேஜரின் பெண்ணுக்குப் பின்னால் கங்காணி, அவருக்குப் பின்னால் மரியச் சேச்சி, அவளுக்குப் பின்னால் ரைட்டர் மனைவி. பேச்சியம்மா சொன்னபடி பேரனின் கையைத்தான் முதலில் நீட்டினாள். “மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வெரசாக் குத்துங்க” என்றாள். மத்தியானத்துக்குள் லயத்தில் கை நீட்டாதவர் இல்லை. அந்தக் கோடையில் சுற்றிலும் அம்மை வந்துபோயிற்று. எங்கள் லயத்துக்குள் வரவில்லை.

ஆனால் அன்று வெளியே போகும்போது வாட்ச்சரும் அவர் மனைவியும் வழக்கம்போலக் கேட்டில் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெண்கள் குத்திய கையை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடியைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கம்பவுண்டர் மேஜையருகில் நின்று அதைப் பார்த்தார். கையைத் துடைத்தார். போய்ப் பேச்சியம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.

“நீங்க எதுக்குங்கய்யா?” என்றார் வாட்ச்சர்.

“களத்துக்குள்ள இருந்துதான வர்றேன். பாரு” என்று வேட்டி மடிப்பைப் பிரித்தார். வாட்ச்சர் வேறு பக்கம் பார்த்தார். “பாத்துட்டுச் சொல்லு. நான் நிக்கிறேன்” என்றார் கம்பவுண்டர். வாட்ச்சர் பார்த்தார்.

டிஸ்பென்சரி வேலிக்கு வெளியே இருந்தது. களத்துக்குள் அவருக்கு எந்தச் சோலியும் இல்லை. ஆனாலும் அன்று தொடங்கி, சாயங்காலம் ஆட்கள் வேலை விடும் நேரத்துக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு களத்துக்குள் போவார். போய், அவர்களோடு வரிசையில் நின்று, மடியைக் காட்டிவிட்டு வெளியே வருவார். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். ரைட்டர் கேலி செய்து பார்த்தார். நான் மதுரைக்கு மாற்றலாகிப் போகும்வரை அவர் அதை நிறுத்தவில்லை.

நான் கடைசியாக அவரைப் பார்த்ததும் அந்த வரிசையில்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா பின்னால் வந்து அவரை முழங்கையால் தள்ளினாள்.

“தள்ளி நில்லுங்கய்யா. தெனமும் வந்து எங்க எடத்தப் பிடிச்சிக்கிறீக. எனக்கு வீட்டுல அடுப்பு எரியணும்.”

அவர் நகர்ந்து அவளுக்குப் பின்னால் நின்றார்.